வேர் எண் 98

மேடையில் ஏழு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆறில் பேச வேண்டியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவதில், யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அந்தச் செங்கேணி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே மட்டும் மைக் இல்லை.

நகர வாடகைத் துணை வாரியத்தின் இயக்குநர் முனைவர் இமயவரம்பன் பேசத் தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. 'வீடற்றோர்' என்ற சொல்லை அவர் ஏற்கெனவே ஒழித்துவிட்டார். இனி அவர்கள் 'இருப்பிடம் நோக்கிய குடும்பங்கள்'. சொல்லை ஒழித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பது அவருடைய கொள்கை. மீதிப் பாதிக்குத்தான் இயந்திரம்.

"நடைபாதைக் குடும்பங்களுக்கு வீட்டுக்காரர்கள் ஏன் வாடகைக்கு விடுவதில்லை? அச்சம்! இன்றைக்கு வந்தவன் நாளைக்கு இருப்பானா என்ற அச்சம். மனித குல வரலாற்றில் முதன்முறையாக அந்த அச்சத்தை நாம் அளந்துவிட்டோம்."

அளக்கும் இயந்திரத்துக்கு 'வேர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சென்னை நகரத்தின் ஐம்பது ஆண்டு கேமராப் பதிவுகள், மின்மீட்டர்கள், கைபேசிக் கோபுரங்கள், ரேஷன் கடைக் கைரேகைகள் எல்லாவற்றையும் அது படித்திருந்தது. ஓர் ஆளின் முகத்தைக் காட்டினால் போதும். ஓர் இடத்தில் வைத்தால் அவர் அங்கேயே நிலைத்திருப்பாரா என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். எண் குறையக் குறைய அரசு தரும் வாடகை கூடும். முப்பதுக்குக் கீழே போனால் முழு வாடகையும் அரசே கட்டும், அட்வான்ஸ் உட்பட. அறுபதுக்கு மேல் இருப்பவர்களுக்கு ஒன்றும் கிடையாது, அவர்கள் தாமாகவே சமாளித்துக்கொள்வார்கள். அமைச்சரே நினைத்தாலும் எண்ணில் கைவைக்க முடியாதபடி சட்டம் போட்டிருந்தார்கள்.

இரண்டு லட்சம் பேரிடம் சோதித்துப் பார்த்தாயிற்று. அந்த இரண்டு லட்சத்தில் நடைபாதைக்காரர் ஒருவர்கூட இல்லை. திட்டமே அவர்களுக்காகத்தான், சோதனைக்கும் அவர்களையே தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டார்கள்.

"அம்மா, இப்படி வாங்க," என்று செங்கேணியைக் கேமராவுக்கு முன் நிறுத்தினார் இமயவரம்பன். "இதோ, நிலையற்ற வாழ்வின் முகம்!"

திரையில் எண் வந்தது. 98.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இமயவரம்பன் திரையைப் பார்த்தார், திரையைக் கட்டியவனைப் பார்த்தார். "நெட்வொர்க் பிரச்சினை," என்றார். மறுபடி நிறுத்தினார்கள். மறுபடியும் 98.

முன்வரிசையில் இருந்த நிருபர் ஒருத்தி எழுந்தாள். "சார், இயந்திரம் சரியா இருக்கான்னு பார்க்க, நீங்க ஒரு தடவை நில்லுங்களேன்."

மறுக்க வழியில்லை. நின்றார். இருபது ஆண்டில் பதினான்கு வீடு, மூன்று நாடு, ஒரு விவாகரத்து. 23.

செங்கேணி பக்கத்தில் நின்ற களப்பணியாளர் ஜெயசீலியிடம் மெதுவாகக் கேட்டாள். "யக்கா, சாரு ஃபெயிலா?"

*

பழைய தட்டாஞ்சாவடித் தெருவின் வடக்குப் பக்க நடைபாதையில் நாற்பத்திரண்டு குடும்பங்கள். செங்கேணி அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்டவன் செத்ததும் அங்கேதான். ஸ்வீட் பாக்ஸ் மடிப்பது அவள் தொழில். தட்டையான அட்டை கைக்கு வந்தால் மூச்சு விடும் நேரத்தில் பெட்டியாகிவிடும். மகள் சுடர்விழி இரண்டு தெரு தள்ளி அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு.

அடுத்த மாதம் முப்பதாம் தேதி நடைபாதையை உடைத்து வடிகால் தோண்டப் போகிறார்கள். அதற்குள் வாடகை வீடு கிடைத்தவர்கள் வீட்டுக்குப் போகலாம். கிடைக்காதவர்களை நகரத்துக்கு வெளியே நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் அடுக்குமாடிக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு வர மூன்று பஸ். தேர்வுக்கு இன்னும் இரண்டரை மாதம். போன வருடம் அப்படி அனுப்பப்பட்ட தெருவில் பன்னிரண்டாவது படித்த ஒன்பது பிள்ளைகளில் ஒன்றுதான் தேர்வு எழுதியது.

மறுநாள் காலை ஜெயசீலி நாற்பத்திரண்டு கடிதங்களோடு வந்தாள். வாரியத்தில் அவள் பதினோரு வருடமாக ஒப்பந்தப் பணியாளர். கெட்ட சேதி சொல்ல அனுப்பப்படும் ஆள் எப்போதும் ஒப்பந்தக்காரராகத்தான் இருப்பார்.

"'உங்கள் குடும்பம் உதவி தேவைப்படாத அளவுக்கு நிலைபெற்றுள்ளது. வாழ்த்துகள்'னு போட்டிருக்கு," என்று படித்துக் காட்டினாள்.

"வாய்த்தா? இன்னாத்துக்கு?" என்றாள் பக்கத்து இடத்து லோகு. அவளுடைய எண் 96.

"எல்லாருக்கும் தொண்ணூறுக்கு மேலதான்டி. மேல நகைக்கடை கேமரா இருக்கில்ல? அது நாப்பது வருசமா உங்களத்தான் பாத்துட்டிருக்கு."

உண்மைதான். கடையை அவர்களிடமிருந்து காப்பாற்ற வைத்த கேமரா அது. தினமும் அதே முகங்கள், அதே இடம், அதே பாய். நகரத்தில் வேறெந்தக் குடும்பத்துக்கும் இவ்வளவு தெளிவான சாட்சி கிடையாது.

செங்கேணி கை நிற்காமல் பெட்டி மடித்துக்கொண்டே கேட்டாள். "அத்த வுடுக்கா. ரெண்டு மார்க்கு எங்க போச்சு?"

"என்னது?"

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுன்னா, ரெண்டு எங்க?"

ஜெயசீலி டேப்லெட்டைத் தேய்த்துப் பார்த்தாள். "சுடர் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில அஞ்சு நாள். வெள்ளத்தப்ப ஸ்கூல்ல மூணு நாள்."

"வெள்ளத்துக்கு நானா போனேன்? போலீஸ்காரரு தூக்கினு போனாரு. அதுக்கும் மார்க்கு கொறைப்பானா?"

ஜெயசீலி அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இத பாரு செங்கேணி, நான் சொன்னேன்னு சொல்லாத. எண்ணக் கொறைக்க வழி இருக்கு. பத்து பதினைஞ்சு நாளு எங்கயாவது போயிடு. திருத்தணி, அரக்கோணம், எங்கயாச்சும். தினம் ஒரு எடத்துல படு. போன ஆஃப் பண்ணு. திரும்பி வந்து நாலு பேரோட சண்ட போட்டு எடத்த மாத்து. சடசடன்னு எறங்கிடும்."

"மாட்டேன்."

"ஏன்டி?"

"யக்கா, எங்கையில பட்டா கெடையாது, பாங்க் புக்கு கெடையாது, பொட்டி வாங்குற சேட்டு ஒரு சிட்டு எய்திக் குட்த்தது கெடையாது. மொத மொறையா கவர்மென்டு மிஷினு சொல்லுது, இந்தப் பொம்பள முப்பத்தொம்பது வருசம் எடத்த வுட்டு நவுரலன்னு. அத்த நானே அய்ச்சுட்டு, நான் ஓடுகாலின்னு எய்தி வாங்கிக்கணுமா?"

"சுடரு பரீட்சைய நெனச்சுப் பாரு."

பெட்டி மடித்த கை அப்போதுதான் நின்றது. "நெனக்காத நேரம் எதுக்கா? வேற வழி இருந்தா சொல்லு. இது வேணாம்."

*

வேறு வழியைத் தேடி இமயவரம்பனே வந்தார். செங்கேணிக்காக அல்ல. முதல் பயனாளிக்கு அமைச்சர் சாவி கொடுக்கும் நாளைக் குறித்தாகிவிட்டது, சாவி வாங்க ஆள் இல்லை. நகரம் முழுக்க எந்த நடைபாதையிலும் எண்பதுக்குக் கீழே ஒருத்தர் அகப்படவில்லை. சூத்திரத்தை மாற்ற அமைச்சரவை ஒப்புதல் வேண்டும், கோப்பு நகர ஒரு வருடம் ஆகும்.

காலை எட்டரைக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. அவர் இறங்கி, உட்கார இடம் தேடி, கடைசியில் அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"செங்கேணி அம்மா, நிலைப்புத்தன்மை என்பது ஒரு சமூகவியல் கட்டுமானம்..."

"நாஸ்டா துன்னியா சார்?"

"இல்லை... அது முக்கியமில்லை."

"காலி வவுத்தோட பேசறவங்க பேச்ச நான் கேக்கறதில்ல. சுடரு, சாருக்கு ரெண்டு இட்லி வையி."

இட்லியும் வடகறியும் வந்தது. மறுக்கத்தான் நினைத்தார். பன்னிரண்டு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேசையில் ஒற்றை ஆளாகப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டு ஆறு வருடம் ஆகிறது. ஆறாவது இட்லியில்தான் நிமிர்ந்தார். அதற்குள் கட்டுமானம் மறந்துபோயிருந்தது.

மறுநாளும் வந்தார். பேச்சுவார்த்தை தொடர்கிறது என்று அலுவலகக் குறிப்பில் எழுதினார். நான்கு நாள் தொடர்ந்தது.

"திருத்தணி கோயிலுக்குப் போய்வரச் செலவு வாரியமே ஏற்கும்," என்பார்.

"முருகன இங்கருந்தே கும்புட்டுக்கிறேன் சார். இன்னும் கொஞ்சம் வடகறி?"

"கொஞ்சம்."

ஐந்தாம் நாள் ஜெயசீலி ஓடிவந்தாள். "செங்கேணி! உன் குடும்ப எண் தொண்ணூத்தொண்ணு ஆயிடுச்சு!"

"இன்னாது? நான் எங்கயும் போவலியே!"

ஜெயசீலி டேப்லெட்டையும், கையில் தட்டோடு உட்கார்ந்திருந்த இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார்... 'குடும்பம்'னா என்னன்னு சட்டத்துல எப்படி எழுதினீங்க?"

இதைக் கேட்டால் அவர் தூக்கத்திலும் சொல்வார். "ஒரே அடுப்பில் சமைத்ததை உண்போர் ஒரு குடும்பம். உறவு, சாதி, மதம் எதுவும் பொருட்டல்ல. என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம்."

"குடும்பத்தோட எண்ணு?"

"உறுப்பினர்களில் மிகக் குறைந்தவரின் எண். ஒருவர் கிளம்பினால் குடும்பமே கிளம்பிவிடும் அல்லவா? புதிதாக ஒருவர் சேர்ந்தால் முப்பது நாளில் படிப்படியாக..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் தட்டைப் பார்த்தார். மேலே நகைக்கடைக் கேமராவைப் பார்த்தார்.

"ஆமா சார். இவங்க குடும்பத்துல நீங்க சேந்துட்டீங்க."

செங்கேணிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "முப்பத்தொம்பது வருசம் கட்டிக் காப்பாத்துன பேரு சார்! நாலு நாள் இட்லி துன்னு கவுத்துட்டியே!"

அவள் கரண்டியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து இமயவரம்பன் தட்டைக் கீழே வைத்தார். சுடர்விழிதான் டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள்.

"யம்மா, இரு. உன் எண்ணு தொண்ணூத்தெட்டு அப்டியேதான் கீது. என்னுதும் அப்டியே. குடும்ப எண்ணு மட்டும்தான் எறங்குது. காரணம்னு சாரு பேரப் போட்டிருக்கு."

செங்கேணி வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'காரணம்: இமயவரம்பன் (23)'. கோபம் இறங்கி வேறொன்று அவள் முகத்தில் ஏறியது.

"அப்போ கொற அவரோடதுன்னுதான எய்திக்கீது?"

"ஆமாம்மா."

"நம்மள்து சுத்தமா கீது?"

"சுத்தமா கீது."

"முப்பது நாளு துன்னா இருவத்தி மூணுக்கு வந்துருமா? முய் வாடகையும் குடுப்பாங்களா?"

ஜெயசீலி தலையை ஆட்டினாள். அன்று தேதி இரண்டு. அவர் முதலில் சாப்பிட்டது போன மாதம் இருபத்தொன்பது. ஒருநாள்கூடத் தவறாமல் சாப்பிட்டால் இருபத்தெட்டாம் தேதிக்கு முடிந்துவிடும்.

"சார்," என்றாள் செங்கேணி, இட்லிப் பாத்திரத்தைத் திறந்தபடி, "தட்ட எடு."

*

இது ஏமாற்று வேலை ஆகாதா என்று இமயவரம்பன் இரண்டு நாள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். எழுதியவர் அவரே என்பதால் ஓட்டையே இல்லாமல் எழுதியிருந்தார். ஒரே அடுப்பு என்றால் ஒரே அடுப்புதான்.

ஒரு குடும்பம் சரி. மீதி நாற்பத்தொன்றுக்கு எங்கே போவது? நகரத்தில் நிலையில்லாத ஆட்கள் யார் என்று ஜெயசீலி 'வேர்' இயந்திரத்தையே கேட்டாள். இரண்டே நிமிடத்தில் பட்டியல் தந்தது. முதல் இருநூறு பேரில் நூற்று எழுபது பேர் அரசு உயர் அதிகாரிகள். வருடத்துக்கு ஒரு மாற்றல், மாற்றலுக்கு ஒரு பங்களா. வேளாண்மைத் துறைச் செயலாளருக்கு 11. துறைமுகக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு 9. அந்த அதிகாரி ஏழு வருடத்தில் ஒரே ஊர் ரேஷன் கடையில் இரண்டு முறை கைவைத்ததில்லை.

இமயவரம்பன் ஒவ்வொருவர் அறைக்கும் போய்க் கேட்டார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு விளக்கியே பழகியவர். கேட்பது எப்படி என்று அறைக்கு அறை கற்றுக்கொண்டார். முதல் நாள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. இரண்டாம் நாள் பத்திரிகையில் 'நகரின் நிலையற்ற இருநூறு பேர்' என்று பட்டியல் வந்தது. எப்படி வெளியானது என்று இன்றுவரை தெரியாது. ஜெயசீலியைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது. அதன் பிறகு, நாடோடி என்று பெயர் வாங்குவதைவிடச் சமூக சேவகர் என்று பெயர் வாங்குவது மேல் என்று முப்பத்தாறு பேருக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் காலை எட்டரைக்குத் தட்டாஞ்சாவடித் தெருவில் வெள்ளைக் கார்கள் வரிசை கட்டி நின்றன. துறைச் செயலாளர்கள் அட்டைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து தட்டேந்தினார்கள். தாமதமாக வருபவர்களுக்குத் திட்டு விழுந்தது. தினமும் தொட்டுக்க என்ன என்று முந்தின நாளே விசாரித்துக்கொண்டு போனார் துறைமுகக் கட்டுப்பாட்டு அதிகாரி. தெருவுக்கே ஒரு மிடுக்கு வந்திருந்தது. "எங்கூட்ல எட்டு வந்திருக்காரு," "எங்கூட்ல பதினேழு" என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். தன் வீட்டு அதிகாரியின் எண் அடுத்த வீட்டு அதிகாரியை விட மட்டமாக இருப்பதில் அத்தனை பெருமை. தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு முப்பதாம் தேதிக்குள் எண் அடிவரை இறங்காது, ஆனாலும் அறுபதுக்குக் கீழே வந்தால் பாதி வாடகையாவது கிடைக்கும்.

எல்லாம் சரியாகப் போயிருந்தால் இது வேறு மாதிரிக் கதை. லோகுவின் வீட்டில் சாப்பிட்ட வேளாண்மைத் துறைச் செயலாளருக்குப் பதினாறாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது. அன்று மாலையே தில்லிக்குப் போய்விட்டார். அவருடைய எண் ஏன் பதினொன்று என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. லோகுவின் குடும்ப எண் மறுநாள் காலை மீண்டும் 96. அதேபோல இன்னும் ஐந்து குடும்பங்கள். ஆளே கிடைக்காத குடும்பங்கள் வேறு ஐந்து.

முப்பதாம் தேதி காலை லாரி வந்தது. பதினோரு குடும்பங்கள் சாமான்களை ஏற்றின. இமயவரம்பன் லாரியின் பக்கத்தில் வந்து நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்தார்.

லோகு மேலே இருந்து குனிந்து பார்த்தாள். "சார், எங்களுக்குப் புதுசா எதுனா பேரு வெச்சுகிறியா? சொல்லு. போற வழில கூப்ட்டுக்கிறோம்."

செங்கேணி லாரிப் பலகையைப் பிடித்தபடி தெரு முனை வரை நடந்தாள். திரும்பி வந்ததும் லோகு படுக்கும் இடத்தைப் பெருக்கினாள். அன்று மதியம் இமயவரம்பன் சூத்திரத்தை மாற்றச் சொல்லி ஒரு குறிப்பு எழுதினார். அவர் எழுதியவற்றிலேயே ஒரு பக்கத்தில் முடிந்த குறிப்பு அது ஒன்றுதான். நிதித்துறையில் இருக்கிறது.

*

ஒரு வாரம் கழித்து, வண்ணாரப்பேட்டையில் வரதராஜுலுவின் வீட்டுக் கூடத்தில் ஒப்பந்தம். மாடியில் ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. பள்ளிக்கூடத்துக்கு இருபது நிமிட நடை. உதவி உறுதியான குடும்பங்களுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்து, அதுவரை பள்ளிக்கூடத்தில் படுக்கவிட்டிருந்தார்கள். தட்டாஞ்சாவடித் தெருவில் அப்போது நடைபாதை இல்லை. ஆள் உயரத்துக்குப் பள்ளம் இருந்தது.

வரதராஜுலுவுக்கு எழுபது வயது. குடிவருபவர்களை விசாரிப்பதில் நாற்பது வருட அனுபவம். மேசையில் மூவரின் எண்களும் அவர் முன்னே கிடந்தன. செங்கேணியையும் சுடர்விழியையும் ஒருமுறை பார்த்தார், "உக்காரும்மா," என்றார். பிறகு நாற்காலியை இமயவரம்பன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"சாருக்கு என்ன வேலை?"

"வாரியத்தின் இயக்குநர்."

"பர்மனென்ட்டா?"

"மூன்றாண்டுப் பொறுப்பு."

"ம். பேமிலி?"

"...பிரிந்துவிட்டோம்."

"தண்ணி, கிண்ணி?"

"எப்போதாவது, கருத்தரங்குகளில்."

வரதராஜுலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இங்க தங்குவீங்களா?"

"சாப்பாட்டுக்கு மட்டும் சார்," என்றாள் ஜெயசீலி. "படுக்கறது குவார்ட்டர்ஸ்ல. ஆனா உதவி இவரு எண்ணுக்குத்தான் வருது. அதனால அக்ரிமென்ட் இவரு பேருல."

"அதாம்மா பிரச்சினை. அந்தம்மாவுக்கு நாளைக்கே சாவி குடுப்பேன். இவரு இருவத்தி மூணு. நாளைக்கு எங்கயாவது ஓடிட்டா நான் எந்த ஏர்போர்ட்ல போய்த் தேடுவேன்? ஜாமீன் வேணும்."

முப்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஜாமீன் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ஜாமீன் போடுபவர் ஒரே முகவரியில் குறைந்தது பத்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். அந்த விதியையும் இமயவரம்பன்தான் எழுதியிருந்தார். தனக்குத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். ஒருவரும் தேறவில்லை.

"நீ போடேன்மா," என்றார் வரதராஜுலு, ஜெயசீலியிடம்.

"நான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வீடு மாறுறேன் சார். உங்கள மாதிரி ஆளுங்க புண்ணியத்துல. நீங்களே இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருசந்தான ஆவுது?"

செங்கேணி நாற்காலியை இழுத்துப் போட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எங்க கையெய்த்து போடணும்?"

"குடும்பத்துக்குள்ளேயே ஜாமீன் செல்லுமா?" என்றார் வரதராஜுலு.

ஜெயசீலி இயக்குநரைப் பார்த்தாள். "செல்லாதுன்னு எங்கயும் எழுதல சார். இவரு ட்ராஃப்ட்தான்."

டேப்லெட் முகவரி கேட்டது. ஜெயசீலியின் விரல் அங்கே நின்றுவிட்டது. பதினோரு வருடமாக அந்தக் கட்டத்தில் நடைபாதைக்காரர்களுக்கு 'இல்லை' என்றுதான் அவள் நிரப்பியிருக்கிறாள்.

"போடுக்கா," என்றாள் செங்கேணி. "பயய தட்டாஞ்சாவடித் தெரு. வடக்கு நடபாத. நகக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவுல."

ஜெயசீலி ஒரு எழுத்து விடாமல் அடித்தாள். இயந்திரம் ஐம்பது ஆண்டுப் பதிவுகளைப் புரட்டியது. அதற்குச் சில நொடிகள்தான் ஆனது. வரதராஜுலுகூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

'முகவரி உறுதி செய்யப்பட்டது. வசித்த காலம்: முப்பத்தொன்பது ஆண்டுகள். ஜாமீன் ஏற்கப்பட்டது.'

செங்கேணி தன் பெயரைப் பெரிதாக, கட்டத்துக்கு வெளியே வழியும்படி எழுதினாள். பேனாவை மூடிவிட்டு இமயவரம்பனிடம் திரும்பினாள்.

"இன்னா சார், உனுக்கு நான் பொறுப்பு ஏத்துகினேன். நாளைலருந்து எட்டரைக்கு இங்க அடுப்பாண்ட வந்துரணும். நீ வரலன்னா எம்பேருதான் கெடும்."

முனைவர் இமயவரம்பன் தொண்டையைச் செருமினார். நீண்ட பதில் வரப்போகிறது என்று ஜெயசீலி கைப்பையைக் கீழே வைத்தாள்.

"வந்துடறேம்மா," என்றார்.